எதிர்ப்பில்லாமல் நிறைவேறிய தீர்மானம்

திங்கட்கிழமை மாலை நாலரை மணிக்கு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஏழு பேர் இருந்தார்கள். நானூற்று முப்பத்தைந்து பேர் உட்கார வேண்டிய இடம். மற்றவர்கள் இன்னும் விமானத்தில் இருந்தார்கள், அல்லது விமானத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சண்டைக்கு லாயக்கில்லாத விஷயங்களை எல்லாம் அந்த நேரத்தில்தான் எடுப்பார்கள். டெக்சாஸில் ஒரு தபால் நிலையத்துக்குக் காலமான சார்ஜெண்ட் ஒருவரின் பெயர், மெய்னில் இன்னொரு தபால் நிலையத்துக்குப் பள்ளி ஆசிரியை ஒருவரின் பெயர். தலைவர் நாற்காலியில் இருந்தவர் ஏற்போர் ஆம் எனலாம் என்பார், மூன்று பேர் முனகுவார்கள், மறுப்போர் இல்லை எனலாம் என்பார், யாரும் முனக மாட்டார்கள், சுத்தியல் தட்டப்படும். ஒன்றுக்கு நாற்பது விநாடி.

நாலாவது தபால் நிலையத்துக்கும் ஐந்தாவது தபால் நிலையத்துக்கும் நடுவில் ஒரு பக்கத் தீர்மானம் ஒன்று வந்தது. கெல்டான் குடியரசின் சிறையில் இருக்கும் டேரில் ஸ்ட்ரூபல் என்ற அமெரிக்கக் குடிமகனை விடுவிக்கும்படி அந்நாட்டு அரசை இச்சபை கேட்டுக்கொள்கிறது. மூன்று பேர் முனகினார்கள். சுத்தியல் விழுந்தது.

பின்சுவரை ஒட்டி நின்றிருந்த கோரா லிண்ட்விஸ்ட் அப்போதுதான் மூச்சு விட்டாள். யானைக் கட்சியைச் சேர்ந்த ஒஹையோ பிரதிநிதி ஹார்லன் பிக்ஸ்பிக்கு அவள் பத்தொன்பது வருடமாக வெளிவிவகார உதவியாளர். எதிர்ச்சுவரை ஒட்டி நின்றவன் ஏமஸ் டில்மன். எதிரணியான கழுதைக் கட்சியின் பிரிசில்லா ஓக்ஸ் அம்மையாரிடம் அதே வேலை பார்ப்பவன். இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய தீர்மானம் அது. ஆனால் ஒருவரையொருவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்த ஊரில் ஒரு காரியம் உருப்பட வேண்டுமானால் அது யார் கண்ணிலும் படக்கூடாது என்பது இருவருக்கும் தெரியும்.

டேரில், பாலைக் குளிரூட்டும் இயந்திரம் பொருத்துகிற மெக்கானிக். கெல்டானுக்கு வேலைக்குப் போன இடத்தில், பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஒரு பாலத்தைப் போட்டோ எடுத்தான். உளவாளி என்று பதினாலு மாதமாக உள்ளே வைத்திருக்கிறார்கள். அவனுக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் கிடைக்கிற நாளில் கிடைக்கும், இல்லாத நாளில் இல்லை. இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தாயிற்று. அவன் அம்மா வில்மா, ஒஹையோவில் பள்ளிக்கூட உணவறையில் சமைப்பவள், வாரத்துக்கு மூன்று தடவை கோராவுக்குப் போன் செய்வாள். பாதி நேரம் பேச மாட்டாள், மூச்சு மட்டும் கேட்கும். கோராவும் போனை வைக்க மாட்டாள்.

கெல்டான் தூதர் பூமேடோவ் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். "மேடம், உங்க ஊர்ல நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வேற நாடு வந்துடுது. இந்தக் கட்சி கேட்டு நாங்க விட்டா, நாளைக்கு அந்தக் கட்சி வந்து ஏன் விட்டீங்கன்னு எங்களை நெருக்கும். ரெண்டு பேரும் சேர்ந்து கேளுங்க. வெள்ளிக்கிழமை எங்க தேசிய தினம். அன்னிக்கு மத்தியானம் அதிபர் மன்னிப்புப் பட்டியல்ல கையெழுத்துப் போடுவார். அதுவரைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்தே இருந்தாப் போதும்."

நான்கு நாள். கோராவுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

பிக்ஸ்பி அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டது பிறந்தநாள் வாழ்த்துக் கடிதங்களோடு கடிதமாக. ஓக்ஸ் அம்மையார் போட்டது ஏதோ சோளத் திருவிழாப் பாராட்டுப் பத்திரத்துக்குக் கீழே. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் யாரும் அந்தக் கட்டடத்தில் இரண்டாவது தடவை ஜெயித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பிக்ஸ்பி கையில் காகிதத்தோடு வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"கோரா, இது என்னம்மா?"

"டேரில் தீர்மானம் சார். நீங்க கொண்டு வந்தது. நேத்து பாஸாயிடுச்சு."

"நான் கொண்டு வந்தேனா? சரி, நல்ல காரியம்தான். எதிர்த்து எத்தனை ஓட்டு?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஏன் இல்ல?"

"எல்லாருக்கும் சம்மதம் சார்."

"எல்லாருக்குமா! இருபத்திரண்டு வருஷமா இங்க இருக்கேன். நான் குட்மார்னிங் சொன்னாக்கூட அது உங்க கருத்துன்னு சொல்ற ஆளுங்கம்மா அவங்க. இப்ப கம்முனு இருக்காங்கன்னா உள்ள என்னத்தையோ வெச்சிருக்காங்க. இதுல பாரு, அந்த ஓக்ஸ் பொம்பளை வேற கூடவே கையெழுத்துப் போட்டிருக்கா!"

"உள்ள இருக்கிறதெல்லாம் நான் எழுதினதுதான் சார். ஒரே பக்கம்."

"ஒரே பக்கமா? அப்ப இன்னும் மோசம். ஒளிக்க இடமே இல்லாத இடத்துல ஒளிச்சிருக்காங்க." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் தீர்மானத்தைப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. "பிடிச்சேன் பாரு. கேட்டுக்கொள்கிறதாம்! அமெரிக்கா எவன்கிட்டயும் கேட்டுக்காது, சொல்லும். இது சரணாகதி. என்னை ஏமாத்திட்டாங்க, நான் இதுக்கு ஆதரவு இல்லன்னு ஒரு அறிக்கை எழுது. நாளைக்குக் காலையில போகணும்."

அதே நேரத்தில் மூன்றாவது மாடியில் ஓக்ஸ் அம்மையாரின் விரலும் அதே வார்த்தையில் நின்றுகொண்டிருந்தது. இன்றைக்குக் கேட்டுக்கொள்வார்கள், நாளைக்குப் போர்க்கப்பல் அனுப்புவார்கள், யானைக் கட்சிக்காரன் எந்தப் போரை இப்படி ஆரம்பிக்காமல் இருந்திருக்கிறான் என்று கேட்டார். அவருக்கும் நாளைக் காலைக்குள் அறிக்கை வேண்டும். ஒரே வார்த்தையில் ஒருவருக்குச் சரணாகதி தெரிந்தது, இன்னொருவருக்குப் படையெடுப்பு தெரிந்தது. காலில் இரண்டு விரல் இல்லாத ஒருவன் மட்டும் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரியவில்லை.

அடித்தளத்து உணவகத்தில் கோராவும் ஏமஸும் வெவ்வேறு மேஜையில் முதுகோடு முதுகாக உட்கார்ந்தார்கள். எப்போதும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

"முடிஞ்சுது, கோரா. நாளைக்கு ரெண்டு அறிக்கையும் வெளிய வந்தா தூதர் பட்டியலை மடிச்சுப் பையில போட்டுட்டுப் போயிடுவாரு."

கோரா சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் இந்த மனிதர்களை அவள் ஒருநாளும் வெறுத்ததில்லை, அன்றைக்கு வெறுத்தாள். அந்த வெறுப்பிலிருந்துதான் அந்த யோசனை வந்தது.

"ஏமஸ், எங்க ஆளு எப்படின்னு உனக்குத் தெரியுமில்ல? உங்க ஓக்ஸ் அம்மா குடையை விரிச்சா இவரு நனைஞ்சுக்கிட்டே போவாரு."

"எங்கம்மாவும் அதே ரகந்தான்."

"அப்ப இவர்கிட்ட நான் போய், ஓக்ஸ் விலகப் போறாங்க, ஒஹையோக்காரன் ஒருத்தன் செத்தா நமக்கென்னன்னு பேசிக்கிட்டாங்கன்னு சொல்றேன். நீ அதையே திருப்பிப் போட்டு அங்க சொல்லு."

முதுகுக்குப் பின்னால் ஏமஸின் கரண்டி நின்றது. "அப்படி யாரும் பேசலையே."

"பேசல. நான்தான் பேச வைக்கிறேன்."

"இது நல்லாயில்ல, கோரா."

"அவன் கால்ல இன்னும் எட்டு விரல் இருக்குப்பா. வேற வழி தெரிஞ்சா சொல்லு."

ஏமஸ் தட்டைத் தள்ளிவிட்டு மூன்றாவது மாடிக்குக் கிளம்பினான்.

மாலை ஐந்து மணிக்கு அவள் பிக்ஸ்பியிடம் போய்ச் சொன்னாள். மனிதர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஒஹையோக்காரன் செத்தா என்னவா? அப்படியா சொன்னா? அந்த அறிக்கையைக் கிழிச்சுப் போடு. டிவிக்காரங்களைக் கூப்பிடு!" அவர் கண்ணில் உண்மையாகவே கண்ணீர் வந்தது. அதைப் பார்த்துக் கோராவுக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

புதன், வியாழன் இரண்டு நாளும் நாடே அதிர்ந்தது. ஒரு சேனலில் பிக்ஸ்பி மேஜையைக் குத்தினார். "நம்ம பையன் செத்தா நமக்கென்னன்னு கேக்குது கழுதைக் கட்சி! நான் இருக்கிற வரைக்கும் டேரிலைக் கைவிட மாட்டேன்!" இன்னொரு சேனலில் ஓக்ஸ் அம்மையார் டேரிலின் பள்ளிக்கூடப் படத்தைத் தூக்கிக் காட்டினார். "ஒரு தொழிலாளி வீட்டுப் பையன்னு யானைக் கட்சி அவனைத் தூக்கி எறியப் பாக்குது! விட மாட்டோம்!" கெல்டான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அது தெரிந்து என்ன ஆகப் போகிறது?

வியாழன் மாலை தூதர் போனில் வந்தார். குரலில் கலவரம். "மேடம், ரெண்டு பேரும் சேர்ந்து கேக்கறோம்னு சொன்னீங்க. இங்க கொலவெறில கத்திக்கிட்டிருக்காங்களே!"

"என்ன கத்தறாங்கன்னு கவனிச்சுப் பாருங்க சார். இவர் என்ன சொல்றார்?"

"டேரிலை விடுங்கறார்."

"அந்தம்மா?"

"டேரிலை விடுங்கறாங்க. அப்ப எதுக்கு மேடம் சண்டை போடறாங்க?"

"அதைக் கேக்காதீங்க சார். பட்டியல்ல பேரை மட்டும் சேத்துடுங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் கெல்டான் அதிபர் கையெழுத்துப் போட்டார். மாலையில் வில்மா போன் செய்தாள். அன்றைக்கும் பேசவில்லை, அழுதாள். கோராவும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தான் செய்த வேலைகளில் உருப்படியான வேலை இது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அது உண்மையும்கூட.

டேரில் ஊர் வந்து சேர்ந்த சந்தோஷத்தில் ஏமஸ் ஒரு தப்பு செய்தான். எதிர்க்கட்சி அலுவலகத்துக்கு நல்லது எதையும் எழுத்தில் கொடுக்கக்கூடாது என்று அந்தக் கட்டடத்தில் நுழைகிற முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அவன் நல்ல குடும்பத்துப் பிள்ளை, உதவி செய்தவருக்குக் கைப்பட நன்றிக் கடிதம் எழுத வேண்டும் என்று வளர்க்கப்பட்டவன். அந்தப் பொய்க்கும் சேர்த்து நன்றி எழுதி, ஓக்ஸ் அம்மையாரின் முத்திரை போட்ட உறையில் வைத்துக் கோராவுக்கு அனுப்பிவிட்டான். அலுவலகத்துக்கு வரும் தபாலை எல்லாம் பிரித்துப் பிக்ஸ்பியின் மேஜையில் வைப்பது வழக்கம்.

பிக்ஸ்பி கத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"நீ என்கிட்ட பொய் சொன்னதை நான் மன்னிச்சுடுவேன் கோரா. அது இங்க தினமும் நடக்கறதுதான். அந்தப் பையன் உயிரோட வந்தான், எனக்கும் நல்ல பேரு. எல்லாம் சரி. ஆனா அவங்க உனக்கு நன்றி சொல்லியிருக்காங்களேம்மா! இது வெளிய போனா ஊர்ல நான் எப்படித் தலை காட்டுவேன்?"

அன்றைக்கே கிளம்பச் சொல்லிவிட்டார். தபால் பதிவேட்டில் கோராவின் பெயரைப் பார்த்து ஓக்ஸ் அம்மையாரும் விசாரித்ததில், மூன்றாவது மாடியில் ஏமஸும் ஏறக்குறைய அதே நேரத்தில் அட்டைப்பெட்டி தேடிக்கொண்டிருந்தான்.

கோரா தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. வில்மா வந்திருந்தாள். கனத்த உடம்பு, சிவந்த கைகள், நல்ல கோட்டு. பக்கத்தில் ஊன்றுகோலோடு டேரில், சட்டை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தான். கோரா அவனை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவனைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. தொட்டும் பார்த்தாள்.

வில்மா ஒரு தகர டப்பாவை நீட்டினாள். வேர்க்கடலை வெண்ணெயை உருட்டி சாக்லேட்டில் முக்கியெடுத்த உருண்டைகள், ஒஹையோவில் வீட்டுக்கு வீடு செய்வது. "எண்பது உருண்டை. ராத்திரியெல்லாம் உக்காந்து உருட்டினேன். எல்லாம் உனக்குத்தான் கண்ணு."

"வில்மா, பாதியை மூணாவது மாடிக்குக் கொண்டு போய்க் குடுக்கறீங்களா? ஏமஸ் டில்மன்னு ஒருத்தன் இருக்கான். ஓக்ஸ் அம்மா ஆபீஸ்ல. பாதி வேலை அவன் செஞ்சது."

வில்மாவின் முகம் இறுகியது. போன வருடம் முதல் தடவை பேசியபோது, எங்க ஊர்ப் பிரதிநிதி எந்தக் கட்சிம்மா என்று கோராவிடமே கேட்டவள் அவள். ஓட்டுப் போடும் நாளில் மழை பெய்தால் வீட்டிலேயே இருந்துவிடுவாளாம்.

"அந்தக் கழுதைக் கூட்டத்துக்கா? ஒஹையோக்காரன் செத்தா நமக்கென்னன்னு கேட்டவளுக்கா? என் காதால கேட்டேன் கோரா, டிவில. நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். எங்க அக்கா அந்தக் கட்சிதான். அவ வீட்டுக்குப் போறதையே விட்டுட்டேன்."

"அப்படி யாரும் சொல்லல வில்மா."

"பிக்ஸ்பி சார் சொன்னாரே!"

"அவர்கிட்ட நான் சொன்னேன். நானா ஜோடிச்சேன். அந்தம்மா அப்படிச் சொல்லவே இல்ல. ரெண்டு பேரும் விலகப் பாத்தாங்க. பிடிச்சு நிறுத்தறதுக்கு எனக்கு வேற வழி தெரியல. அது பொய், வில்மா. உங்க அக்கா வீட்டுக்குப் போங்க."

வில்மா அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மேஜையில் இருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். அதில் காபிக் கோப்பையும் மழைச் செருப்பும் பத்தொன்பது வருடத்துக் காகிதங்களும் இருந்தன. வெறும் சுவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது, கூடவே இரக்கமும்.

"ஐயோ, என் கண்ணு," என்றாள் தணிந்த குரலில். "இப்படியெல்லாம் சொல்லச் சொல்லி உன்னை மிரட்டினாங்களா? இதுக்குத்தான் வேலையை விட்டுத் தூக்கினாங்களா?"

"இல்ல வில்மா, நான் சொல்றதைக் கேளுங்க..."

"வேணாம், நீ ஒண்ணும் சொல்லாத. இங்க யார் காதுல விழுமோ." டப்பாவை அப்படியே கோராவின் கையில் திணித்து, அவளை இழுத்துத் தன் அகன்ற மார்பில் சாய்த்துக்கொண்டாள். முதுகைத் தடவிக்கொடுத்தாள். டேரில் ஊன்றுகோலில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கோராவுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வில்மாவுக்கு அந்த அழுகையே போதுமான சாட்சியாக இருந்தது.