மாமாவின் காதில் துறைமுகம்

மருமகளின் போனும் மாமனாரின் போனும் ஒரே வீட்டில் இருந்தும் பேச்சு வார்த்தை கிடையாது. மாமனார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மூன்று பழைய போன்களின் உதிரி பாகங்களைக் கோத்து, யாரோ புண்ணியவான்கள் இலவசமாக எழுதி வைத்த மென்பொருளைப் போட்டு, தன் போனைத் தானே செய்துகொண்டவர்.

“உன் போன் பூட்டுன வீடும்மா. சாவி கம்பெனிக்காரன் இடுப்புல இருக்கு” என்பார்.

“உங்களுது சந்தைக்கடை மாமா. யார் வேணா வரலாம், அலாரம் மட்டும் அடிக்காது” என்பாள் அவள்.

இந்தச் சண்டை இல்லாத நாளில் இருவருக்கும் சோறு இறங்காது.

அன்று காலை காற்று மருமகள் பக்கம் அடித்தது. மாமனாருக்குக் காது மந்தம் என்று மகன் வாங்கி வந்த காது மெஷின் அவள் போன் கம்பெனியுடையது. வேற்று ஆள் போனை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மாமனாரை அரை மணி நேரம் கெஞ்சவிட்டது. கடைசியில் தன் போனில் இணைத்துத்தான் அவள் சத்தத்தைச் சரிசெய்தாள். “தோத்துட்டீங்க மாமா!” என்று கைதட்டினாள். அந்தக் குஷியில் இணைப்பை எடுத்துவிட மறந்துபோனாள்.

பதினொரு மணிக்குத் துறைமுகத்திலிருந்து அழைப்பு வரும் என்பது அவளுக்கும் புருஷனுக்கும் மட்டும்தான் தெரியும். கிரேன் ஓட்டும் பயிற்சிக்கான நேர்முகம். மூன்று வருட ஆசை. இரண்டு வயதுக் குழந்தையை விட்டுவிட்டு என்ன கிரேன் என்று மாமனார் கேட்டுவிட்டால்? கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாயைத் திறக்காமல் இருந்தாள். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தாள்.

“வணக்கம்ங்க. ஹலோ? ஹலோ?” என்றாள்.

போனில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கூடத்திலிருந்து மாமனார்தான் குரல் கொடுத்தார்.

“அம்மா! யாரோ ஒரு மேடம் என் காதுக்குள்ள பேசுறாங்க! துறைமுகமாம்!”

காலையில் போட்ட இணைப்பு அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தப்பாக எதையாவது அமுக்கினால் அழைப்பே போய்விடும். குட்டு எப்படியும் உடைந்தாயிற்று.

“என்ன கேக்குறாங்க மாமா?”

“உயரத்துக்குப் போனா தலை சுத்துமான்னு!”

“சுத்தாது மேடம்!” என்றாள் போனில்.

“காத்து பலமா அடிச்சா கன்டெய்னரை எறக்குவியா, வேலைய நிறுத்துவியான்னு!”

“நிறுத்திடுவேன் மேடம்!”

“சபாஷ்! இது நான் சொன்னது!” என்றார் மாமனார்.

இப்படியே பத்து நிமிடம் ஓடியது. மேடம் சிரிக்கிறார் என்று நடுநடுவே தகவல் வேறு. அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு கூடத்தில் சத்தமே இல்லை.

“மாமா? என்ன கேட்டாங்க?”

கதவு திறந்தது. பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமனார் நின்றார்.

“பயிற்சி ஆறு மாசமாம். வெளியூர்ல தங்கணுமாம். சின்னக் குழந்தை இருக்கே, முடியுமான்னு கேக்குறாங்க.”

இந்தக் கேள்வியை அவர் வாயால் கேட்கக் கூடாது என்றுதான் இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தாள். அவள் கண் குழந்தைமேல் போயிற்று.

மாமனார் குனிந்து, அவள் கையிலிருந்த போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார்.

“வருவா மேடம். புள்ளைய நான் பாத்துப்பேன். என்னைக்கு வரணும்?”

காதைப் பொத்திக்கொண்டு உன்னிப்பாகக் கேட்டார். முகமெல்லாம் பல்லாயிற்று.

“திங்கக்கிழமையாம்! வாயப் பொளந்துக்கிட்டு நிக்காதம்மா, நன்றி சொல்லு. அவங்க காத்துக்கிட்டிருக்காங்க.”