அளவுப் புத்தகத்தில் ஒரு வெளியாள்

தையற்காரருக்குத் தம் வம்சத்து உடல்வாகைப் பற்றி அப்படியொரு பெருமை. "எங்க குடும்பத்துல யாருக்குத் தைச்சாலும் துணி மிச்சம்தான்" என்று அளவு கொடுக்க வருகிறவர்களிடம் சொல்லாத நாளில்லை. ஆறு வயதுப் பேத்திக்குத் தைக்கும்போது மட்டும் வாயைத் திறக்கமாட்டார்.

கைக்குழந்தையிலிருந்தே அவள் பருத்துக்கொண்டே வந்தாள். சாப்பிட்டுக் கழுவிய கை காய்வதற்குள் மறுபடி பசி என்பாள். பழி முழுவதும் மருமகள் தலையில் விழுந்தது. "கேட்டப்பல்லாம் போட்டா இப்படித்தான்" என்று தையற்காரரே குத்திக்காட்டியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு தாளில் ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமுமாகக் குடும்பத்தை வரைந்தார். "சின்ன வயசுலயே இப்படி, தீராத பசியோட வேற யாராவது இருந்தாங்களா? பிறவிக் காரணமா இருந்தா ரத்தத்துல கண்டுபிடிக்கலாம். ஆனா அந்தச் சோதனைக்கு வரிசை ரொம்ப நீளம். குடும்பத்துல இன்னொருத்தர் இருந்தா முன்னாடி அனுப்புவேன்."

"எங்க பக்கம் அப்படி யாருமே கிடையாதுங்க" என்றார் தையற்காரர், முதுகை நிமிர்த்தி.

டாக்டரம்மா மருமகள் பக்கம் திரும்பினார். "அப்ப என்னென்ன குடுக்கறீங்கன்னு மூணு மாசம் எழுதிட்டு வாங்கம்மா."

மருமகள் தலையாட்டினாள்.

மறுநாள் பள்ளிச் சீருடைக்காகப் பேத்தியின் இடுப்பைச் சுற்றி டேப்பை இழுத்தார்.

"தாத்தா, டேப்பு பத்துமா?"

"பத்தலேன்னா உன்னை ரெண்டு தவணையா அளந்துக்கறேன், போ."

அவள் குலுங்கிச் சிரித்தாள். முப்பத்தொன்று என்று எழுதப்போன பென்சில் பாதியில் நின்றது. அந்த எண்ணை எங்கோ பார்த்திருக்கிறார். பரணிலிருந்து அப்பா காலத்து அளவுப் புத்தகத்தை இறக்கினார்.

'வெளியாள். பெண், வயது ஆறு. இடுப்பு முப்பத்தொன்று.'

வெளியாள் இல்லை, அவருடைய சொந்த அக்கா. கடைக்கு வருகிறவர்கள் பார்த்தால் கௌரவம் என்னாவது என்று அப்பா பெற்ற மகளையே அப்படி எழுதிவைத்தார். பின்னறையை விட்டு அவளை வெளியே விட்டதில்லை. இருபத்திரண்டு வயதில் அங்கேயே முடிந்துபோனாள். ஒருநாள் அவள் பச்சை மாவை அள்ளித் தின்றதைக் காட்டிக்கொடுத்து அடி வாங்கவைத்தவர் இவர்தான்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்மா" என்றார் மருமகளிடம்.

"மூணு மாசம்னுல்ல சொன்னாங்க, மாமா?"

"அங்க நான் பொய் சொல்லிட்டேன்."

டாக்டரம்மாவின் மேசையில் புத்தகத்தை விரித்தார். "இது என் கூடப்பிறந்த அக்கா."

டாக்டரம்மா அவருடைய கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு அதைக் கருப்பாக்கினார். "இந்த மாதிரிக் குறை அம்மா, அப்பா ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிருந்து குழந்தைகிட்ட வெளிப்படறதும் உண்டு. எல்லாரோட ரத்தத்தையும் பார்ப்போம். முடிவு வரட்டும். ஆனா இது உங்க மருமக ஊட்டி வந்த உடம்பா எனக்குத் தெரியல."

மருமகள் எழுதத் தொடங்கியிருந்த சாப்பாட்டு நோட்டைப் பைக்குள் திணித்தாள்.

தையற்காரர் எழுந்திருக்கவில்லை. "பசிக்குது, பசிக்குதுன்னு அக்கா அழுவா. நாங்க நடிப்புன்னு நினைச்சோம். அது நிஜப் பசியா, டாக்டர்?"

"இந்தக் குறைதான்னா, நிஜப் பசிதாங்க ஐயா. வயிறு நிறைஞ்ச சேதி மூளைக்குப் போயிருக்காது."

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து 'வெளியாள்' என்பதை அடித்தார். மேலே 'அக்கா' என்று எழுதினார்.