தேமல் படாத செடி

விழா பத்து மணிக்கு. ஒன்பதுக்கே பந்தல் நிறைந்துவிட்டது. கரியாலூர், வெள்ளிமலைப் பக்கத்து மலைஜனங்கள் முதல் பஸ்ஸிலேயே இறங்கி வந்து, பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, பல்கலைக்கழகப் பண்ணையில் கொடுத்த சுண்டலைக் குறைசொல்லிக்கொண்டே தின்றுகொண்டிருந்தார்கள். செல்லமுத்துவால்தான் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. புதுச்சட்டைக்குள் எங்கோ ஒரு குண்டூசியை எடுக்காமல் விட்டிருந்தான். அது அவன் மகிழ்ச்சியை அவ்வப்போது குத்திச் சரிபார்த்துக்கொண்டிருந்தது.

ஆறு வருஷமாக அவன் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவன். சொந்த ஊரான மணலூர்பேட்டையில் அவன் தலையைக் கண்டால், "இன்னாப்பா, இன்னும் படிச்சிக்கினுதான் இருக்கியா?" என்று கேட்காத ஆளில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பையனே ஆறு வருஷத்தில் ஆறாம் வகுப்புக்குப் போய்விடுகிறான். செல்லமுத்து மட்டும் அதே வெள்ளை ஈயுடன் அதே கொட்டகையில் இருந்தான். உதவித்தொகை வரும் பங்குனியோடு முடிகிறது.

அவன் ஆராய்ச்சி மரவள்ளியில் வரும் தேமல் நோய் பற்றியது. வெள்ளை ஈ ஒரு நோய்ச்செடியில் சாறு குடித்துவிட்டு அடுத்த செடியில் போய் உட்கார்ந்தால் போதும், இலையெல்லாம் மஞ்சள் திட்டு விழுந்து சுருண்டுவிடும். கிழங்கு விரல் பருமன்கூட வராது. கரியாலூருக்கு மேலே சாலம்மாள் என்ற பெண்மணியின் கொல்லையில், சுற்றிலும் தேமல் அடித்துக் கிடக்க, ஒரு செடி மட்டும் பச்சையாக நின்றதை அவன் பார்த்தான். அதன் குச்சியை வாங்கி வந்து, பண்ணையில் வலைக்குடிலுக்குள் வைத்துப் பெருக்கினான்.

பிறகு சோதனை. ஒரு வலைக்கூண்டில் மலைச்செடிகள், இன்னொன்றில் எல்லாரும் நடும் சாதாரணச் செடிகள். இரண்டிலும் நோய் ஏறிய வெள்ளை ஈக்களை விட வேண்டும். இரண்டு நாள் கழித்து மருந்தடித்து ஈக்களைக் கொன்றுவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தான். சாதாரணச் செடிகள் அத்தனையிலும் தேமல். மலைச்செடியில் ஒரு இலைகூட மஞ்சளாகவில்லை. பேராசிரியர் தெய்வசிகாமணி அவன் தோளில் கை போட்டார். அவர் சக மனிதரைத் தொட்டுப் பண்ணையில் யாரும் பார்த்ததில்லை.

இன்றைக்கு அந்த மலைச்செடியின் குச்சிகளைக் கட்டுக்கட்டாக மலைக்காரர்களுக்கே கொடுக்கப்போகிறார்கள்.

பார்வைக்கு வைக்கலாமென்று கூண்டுகளைப் பந்தலுக்குத் தூக்கச் சொல்லியிருந்தார் பேராசிரியர். மலைச்செடிக் கூண்டிலிருந்து தொட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தபோதுதான் செல்லமுத்து அதைப் பார்த்தான். மூலையில் ஒரு கரித்துண்டு. பக்கத்தில் பாதி உருகி இறுகிய சாம்பிராணிக் கட்டி.

ஆயுத பூஜைக்குப் பண்ணையில் டிராக்டரிலிருந்து ஸ்டேப்ளர் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். அது அவனுக்குத் தெரியும். ஆனால் கூண்டுக்குள்ளே?

"முனியண்ணே!"

பண்ணை உதவியாளர் முனியன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டே வந்தார். இன்று அவரும் வெள்ளைச் சட்டை.

"இன்னா சார்?"

"இது இன்னாண்ணே?"

முனியன் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "அதுவா? பூஜையன்னிக்கு விடியகாலத்துல போட்டது சார். எல்லா ரூமுக்கும் காட்டிட்டு வந்தேன். உங்க கூண்டாண்ட வந்ததும் மனசு கேக்கல. கதவத் தெறந்து தூபக்கால உள்ளயே வச்சிட்டேன். நொச்சித்தழையும் வேப்பந்தழையும் போட்டு நல்லா பொகையவுட்டேன். பொக வெளியே போவக் கூடாதுன்னு மேல தார்ப்பாயப் போட்டு மூடினேன். சாயங்காலம் வரைக்கும் இருந்துது சார், சும்மா கமகமன்னு."

செல்லமுத்துவுக்குக் குண்டூசி இருந்த இடமே மரத்துவிட்டது.

"ரெண்டு கூண்டுக்கும் போட்டீங்களா?"

"சேச்சே!" முனியனுக்குக் கோபமே வந்துவிட்டது. "நீங்கதான சொன்னீங்க? மலச்செடி ஜெயிக்கணும், மத்த செடிக்கு நோவு வரணும், அப்பதான் எனக்குப் பட்டம்னு. வேண்டிக்கங்கண்ணேன்னும் சொன்னீங்க. நோவு வர்றதுக்குப் போயி யாராச்சும் சாம்பிராணி போடுவாங்களா? மலச்செடிக்கு மட்டுந்தான் போட்டேன்."

சொல்லியிருந்தான். பூஜைக்கு முதல்நாள் இருட்டும் நேரத்தில் ஈக்களைக் கூண்டில் விட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். மறுநாள் வெளிச்சம் வந்ததும் ஈக்கள் செடியில் உட்கார்ந்து சாறு குடிக்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பார்த்திருக்க வேண்டியவன், ஊரில் பம்ப்செட்டுக்குப் பூஜை, பொரிகடலை என்று பஸ் ஏறிவிட்டான். திரும்பி வருவதற்குள் முனியன், சொல்லிவிட்டுப் போனபடியே, இரண்டு கூண்டுக்கும் மருந்தடித்து முடித்திருந்தார். ஒரு கூண்டில் உயிருள்ள ஈக்களுக்கு. இன்னொன்றில் ஏற்கெனவே புகையில் செத்த ஈக்களுக்கு.

அப்படியானால் மலைச்செடிக்குச் சோதனையே நடக்கவில்லை. அது நோயை எதிர்த்து நிற்கிற செடியாக இருக்கலாம். சாலம்மாள் கொல்லையில் ஏதோ அதிர்ஷ்டத்தில் தப்பித்த செடியாகவும் இருக்கலாம். யாருக்கும் தெரியாது.

"இன்னா சார், தப்பா எதுனா செஞ்சிட்டனா?" முனியன் குரல் இறங்கியது.

"இல்லண்ணே. தொட்டியத் தூக்குங்க."

பந்தலில் பேராசிரியர் மைக்கைப் பிடித்துவிட்டார். செல்லமுத்து பக்கவாட்டில் மேடையேறி அவர் காதருகே குனிந்தான். இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தான். தெய்வசிகாமணி மைக்கைக் கையால் பொத்தினார். நெற்றி வியர்த்திருந்தது.

"உறுதியா செத்துடுச்சுன்னு தெரியுமா?"

"உயிரோட இருந்துதுன்னு தெரியாது சார்."

"தெரியாதுன்னா தெரியாததாவே இருக்கட்டும்ப்பா. துணைவேந்தர் ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்திருக்கு. நீ ஆறு வருஷம் முடிச்சிட்ட. குச்சிய குடுப்போம், அடுத்த மாசம் உள்ள உக்காந்து பேசுவோம்." பிறகு, இன்னும் மெதுவாக, கெஞ்சுவதுபோல, "எனக்கும் இது கடைசி வருஷம்."

அவர் கெட்டவரில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் எதிர்த்துப் பேசிவிட்டு வீரனாக இறங்கிப் போகலாம். செல்லமுத்துவுக்கு வீரமும் புதுச்சட்டை மாதிரிதான், எங்கேயாவது குத்தும்.

"முதல் குச்சிக்கட்டை, இந்தச் செடியைத் தந்த சாலம்மாள் அவர்களுக்கே வழங்குகிறோம்!"

பேராசிரியர் மைக்கில் அறிவித்தார். கைதட்டல். சாலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையேறினாள். குச்சிக்கட்டு செல்லமுத்துவின் கையில் இருந்தது. போட்டோக்காரர் ஒரு கண்ணை மூடினார்.

அவள் கட்டைப் பிடித்தாள். அவன் விடவில்லை.

"வுடு சாரு," என்றாள் சிரித்துக்கொண்டே. "ரெண்டு ஏக்கரையும் உழுதுபோட்டு வந்திருக்கேன். இந்த வருசம் சாமையும் வெதைக்கல, கேவுரும் வெதைக்கல. எங்க ஊர்க்காரன் பூரா என்னைப் பாத்துக்கினு இருக்கான், நான் நட்டா அவனும் நடுவான். உன்ன நம்பித்தான். நடலாமில்ல?"

சும்மா கேட்டதுதான். பதில்கூட எதிர்பார்த்திருக்க மாட்டாள். 'நடுங்கம்மா' என்ற ஒரு சொல் போதும். அது நாக்கு நுனிவரை வந்து, எச்சிலோடு சேர்ந்து உள்ளே போயிற்று.

"முழுசா நடாதீங்கம்மா," என்றான். மைக் பக்கத்திலேயே இருந்தது. பந்தல் முழுக்கக் கேட்டது.

சுண்டல் தின்ற சத்தமும் நின்றது.

"சோதனை சரியா நடக்கல. நான்தான் ஒழுங்கா பாக்கல. ஈ உயிரோட இருக்குதான்னு பாக்க வேண்டிய அன்னிக்கு நான் ஊருக்குப் போயிட்டேன். செடி தாங்குமா தாங்காதான்னு எனக்குத் தெரியாது. மறுபடி செஞ்சு பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்."

முனியனின் பெயரை அவன் சொல்லவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற முனியனுக்கு மட்டும் எல்லாம் விளங்கியது. அவர் தரையைப் பார்த்தார்.

சாலம்மாள் கட்டை மேடைமேல் போட்டாள். போட்ட சத்தம் மைக்கில் இடி மாதிரி விழுந்தது.

"இத நேத்து சொல்றதுக்கு இன்னா? ஏர் ஓட்டி வச்சிட்டு வந்து நிக்கிறவகிட்ட இன்னிக்கு சொல்றியே! இப்ப அந்த ரெண்டு ஏக்கர்ல உன்னையா நட்றது?"

யாரோ சிரித்தார்கள். செல்லமுத்துவும் சிரித்திருப்பான், தன்னைப் பற்றி இல்லையென்றால். நட்டால் தனக்கும் தேமல் வராது என்று எந்தச் சோதனையிலும் நிரூபிக்கவில்லை.

பேராசிரியர் மைக்கை அணைத்தார். அவன் பக்கம் திரும்பவே இல்லை. துணைவேந்தர் ஆபீஸிலிருந்து வந்தவர் காரைத் தேடிப் போனார்.

மத்தியானம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கரியாலூர் பஸ்ஸுக்குக் கீழே செல்லமுத்து நின்றிருந்தான். எதற்கு வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. சாலம்மாள் ஜன்னல் சீட்டில் இருந்தாள். மடியில் பத்துக் குச்சி. குச்சிக்கட்டிலிருந்து எப்போது உருவினாளோ.

"முழுசாத்தான நடாதன்ன? ஓரத்துல இத நடுவேன். மீதிக்குப் பழைய குச்சிதான், வேற இன்னா செய்ய."

"மாசியில தெரிஞ்சிடும்மா. நானே வந்து சொல்றேன்."

"நல்லதா இருந்தாலும் வா, கெட்டதா இருந்தாலும் வா." பஸ் கிளம்பியது. "வர்றப்ப அந்த ஊசிய எடுத்துட்டு வா. காலர்ல நீட்டிக்கினு நிக்குது!"

அடுத்த வாரம் கூண்டுகளைக் கழுவி, புதுச்செடி வைத்து, இரண்டிலும் ஈக்களை விட்டான். பேராசிரியர் இன்னும் அவனிடம் பேசவில்லை. ஆனால் கூடுதல் காலம் கேட்கும் மனுவில் கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்திருந்தார்.

மறுநாள் மலைச்செடிக் கூண்டுக்குள் லென்ஸோடு தலையை விட்டான். இலையின் அடியில் வெள்ளை வெள்ளையாக உட்கார்ந்திருந்தன. லேசாகத் தட்டினான். குபீரென்று பறந்து மறுபடி உட்கார்ந்தன. அத்தனையும் உயிரோடு.

கொட்டகைக்கு வெளியே, வாசற்படிக்கு அந்தப் பக்கமாக, முனியன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார், இந்த வாட்டி நான் எதுக்கும் வேண்டிக்கல."

"நல்லதுண்ணே."

செல்லமுத்து கூண்டின் கதவைச் சாத்தினான். மலைச்செடி இலைகளை வலை வழியாகப் பார்த்தான். உதடு தானாக அசையப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, லென்ஸைத் துடைத்து, அடுத்த கூண்டுக்குப் போனான்.