த/பெ, க/பெ

1998-இல், அருப்புக்கோட்டை நூல் மில் ஒன்றின் ஆட்கள் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற சங்கரபாண்டியனும் அவருக்குக் கீழே சத்யபிரியாவும் சி பிளஸ் பிளஸ்ஸில் புரோகிராம் எழுதினார்கள்.

புது ஆளின் பதிவை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர் என்ற பகுதிக்குப் பெயரும் தகப்பன் பெயரும் போகும். கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் பெயர். மெஷினுக்கு எல்லாமே வெறும் எழுத்து. இரண்டு பெயர் வாங்கும் கன்ஸ்ட்ரக்டர் இரண்டு இருந்தால் எது எதற்கென்று அதற்குத் தெரியாது; ஏற்காது. 'தகப்பன் பேரோடு', 'புருஷன் பேரோடு' என்று தனித்தனிப் பெயரில் இரண்டு ஃபங்ஷன் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது என்றாள் சத்யபிரியா.

"கன்ஸ்ட்ரக்டர் இருக்கையில தனியாப் பேரு வச்சுக் காது வேற குத்தணுமாக்கும்? மூணாவதா ஒரு நம்பரைப் போடும்மா. ஒண்ணுன்னா புருஷன். ஒண்ணுமே போடலைன்னா தகப்பன்."

"போட மறந்துட்டா, சார்?"

"மறக்க நாம என்ன சின்னப்பிள்ளைகளா?"

மறந்தது அவர்தான். புது ஆட்களைச் சேர்க்கும் பகுதியை எழுதும்போது இரண்டு பெயரோடு நிறுத்திவிட்டார். புரோகிராமில் பிழை பார்க்கும் கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை; நம்பர் இல்லாததால் தகப்பன் என்றே எடுத்துக்கொண்டது.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து இரண்டு பேச்சிகள் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஒருத்தி கீழத்தெரு முனீஸ்வரனின் மகள். மற்றவள் மேலத்தெரு முனீஸ்வரனின் மனைவி. திரையில் இருவருமே 'பேச்சி, த/பெ முனீஸ்வரன்'.

ஆவணியில் ஒருநாள் காலை மேலத்தெருப் பேச்சியின் சேலை மெஷினில் சிக்கியது. மதுரைக்குத் தூக்கிப் போனார்கள். மில் ஜீப் ஊருக்குள் போய், பேச்சியின் தகப்பனார் முனீஸ்வரன் யார் என்று கேட்டது. கீழத்தெரு வீட்டைக் காட்டினார்கள். அந்த மனிதர் வழியெல்லாம் அழுதுகொண்டே போய், கட்டிலில் கிடந்தவளைப் பார்த்து, இவள் என் மகள் இல்லை என்றார். ஜீப் திரும்பி வந்து புருஷனை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பேச்சி செத்திருந்தாள். "அவுக வந்துட்டாகளா" என்றே கேட்டுக்கொண்டிருந்தாளாம்; நர்ஸ் சொன்னது.

கருமாதி முடிந்து மேலத்தெரு முனீஸ்வரன் ஆபீசுக்கு வந்தான். சத்தம் போடவில்லை.

"எம் பொண்டாட்டிக்கு நான் தகப்பனாய்யா?"



அவன் போனதும் சத்யபிரியா அந்த இரண்டு ஃபங்ஷன்களையும் எழுதினாள். கன்ஸ்ட்ரக்டரை வெளியிலிருந்து யாரும் கூப்பிட முடியாதபடி அடைத்தாள். இப்போது கம்பைலர் பேசியது. முதலில் சங்கரபாண்டியன் இரண்டு பெயரோடு நிறுத்திய வரியைப் பிழை என்று காட்டி நின்றது.

"அதை நீங்களே மாத்துங்க, சார்."

மாற்றினார். செத்தவளின் பெயரை நீக்கச் சொல்லி மேனேஜர் ஆள் அனுப்பியிருந்தார். நீக்குமுன் சங்கரபாண்டியன் அதில் த/பெ என்றிருந்ததைக் க/பெ என்று திருத்தினார்.