இரட்டைக் கேம் எஞ்சினும் என் கிடாரத் தகடும்

கடிதத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். என் காதில் பழுதில்லை, ஆத்திரம்தான்.

“‘கேதீஸ்வரி ஆகிய எனது வெல்லாவெளி வளவில் இந்த எஞ்சின் நாற்பது வருடமாக ஓடாமல் கிடந்தது’,” என்று வாசித்தான் பிரதீஸ். கொழும்பிலிருந்து பழைய ரேஸ் கார் எஞ்சின்களைத் தேடி வாங்க வந்தவன். “சைன் வையுங்க அக்கா. சும்மா கிடந்த எஞ்சின் எண்டாத்தான் மதிப்பு.”

சும்மா கிடந்ததாம்! அப்பா ஒரு தோட்டத்துரையின் உடைந்த ரேஸ் காரிலிருந்து கழற்றி வாங்கியது. எங்கள் அரிசி மில்லை இத்தனை காலம் ஓட்டியதே அதுதான். இப்போது கரண்ட் மோட்டார் பூட்டியதால் விற்கச் சம்மதித்து முற்பணமும் வாங்கினேன். அவ்வளவுதான்.

காலையில் எஞ்சின் தலையைக் கழற்றியவன், உள்ளே இருந்த தகட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான்.

“முதல்ல ரேஸ் எஞ்சின் எண்டா ஆனை மாதிரிப் பெருசு, அக்கா. பிறகு வால்வை மேல கொண்டு போனாங்க, வால்வைத் திறக்குற கேம் தண்டை இரட்டையாக்கினாங்க. வருசா வருசம் அமுக்கத்தை ஏத்தி ஏத்தித்தான் சின்ன எஞ்சினில இவ்வளவு வேகம் எடுத்தாங்க. அதை ஒரு விளங்காதவன் தகடு வெச்சுக் குறைச்சிருக்கான்!”

“அந்த விளங்காதவன் நான்தான் தம்பி.”

அவன் தகட்டைத் திருப்பிப் பார்த்தான். நான் விடவில்லை.

“சண்டைக்குள்ள பெற்றோல் எங்க வந்தது? மண்ணெண்ணெயை ஊத்தினா, உங்கட பெரிய அமுக்கத்துக்கு எஞ்சின் இடி இடியெண்டு இடிச்சது. அதைக் குறைக்கத்தான் கலியாணச் சோறு ஆக்குற அலுமினியக் கிடாரத்தின்ட அடியை வெட்டி, அரத்தால ராவி வெச்சன். முதல் தகட்டுல தண்ணி ஓடுற ஓட்டை விட மறந்து கொதிச்சுப் போச்சு. மறுகா இன்னொரு கிடாரம். இந்த வட்டை வயல் நெல்லெல்லாம் அதிலதான் அரிசியாச்சு. அவங்க ஏத்தினது வரலாறு, நான் குறைச்சது குப்பையா?”

இப்போது அதையும் கடிதத்தில் எழுதச் சொன்னதும், கையில் தகட்டோடு தலையாட்டி மறுத்தான்.

“வாங்குற ஆக்களுக்கு அந்தக் கதை வேணாம் அக்கா. நீங்க வைக்காட்டி வேற ஆளிட்ட, அவர்ட வளவில கிடந்ததெண்டு சைன் எடுப்பன்.”

எவ்வளவு திமிர்! உளியும் சுத்தியலும் எடுத்து வந்தேன். எங்கள் பக்கம் மாட்டுக்குக் குடிக்குறி சுடுவோம். தாய்வழியாக வருகிற குறி அது. மாடு எந்தப் பட்டியில் நின்றாலும் ஆருடையது என்று அதைப் பார்த்தால் தெரியும். எஞ்சினில் பொறித்திருந்த நம்பரின் கடைசி இலக்கத்தில் முட்டும்படி எங்கள் குடிக்குறியை வெட்டினேன்.

“ஐயோ அக்கா, நம்பர்! நம்பர் போனா இது பழைய இரும்பு!”

“நம்பர் அப்பிடியே கிடக்கு, வாசியுங்க. குறியை ராவினாத்தான் நம்பரும் சேர்ந்து போகும். ஆரிட்டையும் சைன் எடுங்க, இது ஆருட எஞ்சின் எண்டு இனி அதே சொல்லும்.”

குனிந்து குறியையும் நம்பரையும் விரலால் தடவிப் பார்த்தான். பிறகு கடிதத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு புதுத் தாள் எடுத்தான்.

“தகடு எத்தின மில்லிமீற்றர் அக்கா?”

என் கோபம் இன்னும் ஆறவில்லை.

“கையிலதானே கிடக்கு. அளந்து எழுதுங்க.”