வலது ஊசி

முடிவெட்டுகிறவருக்கு அந்தத் தெருவில் பாதித் தலைகள் அத்துப்படி. மனைவிக்கு வலது கையாக இருப்பதுதான் அவருக்கு வசப்படவில்லை.

அவளுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம். பேச்சு திரும்பிவிட்டது, வலது கை திரும்பவில்லை. மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு அவள் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டர் பாதியில் நின்றிருந்தது. “கடையில வாங்கிக்கலாம்மா” என்று மகள் சொன்ன அன்று அவள் சாப்பிடவே இல்லை. மறுநாள்தான் இந்த ஏற்பாடு. அவள் இடது கையில் ஒரு ஊசி. வலப்பக்கம் ஒட்டி உட்கார்ந்த அவர் கையில் இன்னொன்று.

“குத்துங்க. நூலைச் சுத்துங்க. இழுங்க. அய்யோ, முதல்ல மூச்சை விடுங்க!”

“ரெண்டு குச்சிய வெச்சு நோண்டுறேன்னு உன்னை எத்தனை வருஷம் கேலி பண்ணியிருக்கேன்!”

“இப்ப நீங்க நோண்டுங்க.”

பத்து நாளில் நாலு விரல் அகலம் வளர்ந்தது. அதிலும் பாதி கோணல். ஆனாலும் வேலைக்குப் போகிறவள் மாதிரி அவள் காலையிலேயே தயாராகிக் காத்திருந்தாள். அதைப் பார்க்க அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

பதினோராம் நாள் அவள் கண்ணயர்ந்திருந்தபோது ஸ்வெட்டரைத் தடவிப் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் பின்னிய பழைய பகுதியில் ஒரு நூல் கண்ணி மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது, முப்பது வருஷப் பழக்கம். கத்தரியை எடுத்து நறுக்கிவிட்டார்.

அவள் எழுந்து விரித்துப் பார்த்தபோது அங்கே கட்டைவிரல் நுழையும் ஓட்டை. குயவனுக்குப் பல நாள் வேலை, தடிகாரனுக்கு ஒரு நாழிகை வேலை.

“துருத்திக்கிட்டு இருந்துச்சு... அதான்...”

அவள் ஓட்டையின் ஓரத்தை இடது கைவிரலால் தடவிப் பார்த்தாள்.

“சரிபண்ண முடியாதா?”

“ரெண்டு கை இருந்தா பத்து நிமிஷ வேலை.”

“என் கை இருக்கே. சொல்லு, செய்யறேன்.”

“உங்களுக்கு இன்னும் ஒரு வரிசை நேரா வரலங்க.”

அவள் ஊசியை உருவிப் போட்டுவிட்டு, நூலின் நுனியை இடது கையால் பிடித்து இழுத்தாள். அவர் பின்னியது முதலில் போயிற்று. பிறகு அவள் பின்னியது, வரிசை வரிசையாக.

“பிடிச்சுக்கட்டுமா?”

“வேண்டாம்.”

இந்த ஐந்து மாதத்தில் யார் துணையும் இல்லாமல் அவளால் செய்ய முடிந்த வேலை அது ஒன்றுதான்.