மூன்றாவது பரிந்துரைக் கடிதம்

அன்று மாலை கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா, மருந்துக்கடை வைத்திருக்கும் அவருடைய தம்பி, தம்பியின் மனைவி, காதில் விழுந்ததை அடுத்த வீட்டில் சேர்க்காவிட்டால் தூக்கம் வராததால் ரேடியோ என்று பெயர் வாங்கிய அத்தை, தம்பியின் மகள். ஆறாவதாக யாரும் இல்லை. இதைச் சொல்லக் காரணம், அன்று அங்கே நடந்ததைப் பிற்பாடு நேரில் பார்த்ததாகச் சாட்சி சொன்னவர்கள் பன்னிரண்டு பேர்.

மகள் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பம் இன்னும் வீட்டைத் தாண்டவில்லை; அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர் விழுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த நாட்டில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. வெளிநாட்டுப் பிள்ளை என்றதும் கதவைச் சாத்துபவை போக, முதலில் எங்கள் ஊரில் வந்து ஒரு பட்டம் வாங்கு என்பவை போக, மிஞ்சியவை ஒன்பது. அந்த ஒன்பதுக்கும் நுழைவுத்தேர்வு மதிப்பெண் மட்டும் போதவில்லை. ஆராய்ச்சி செய்திருக்க வேண்டும், ஒரு டாக்டரின் முதுகுக்குப் பின்னால் நூறு மணி நேரம் நின்றிருக்க வேண்டும், மருத்துவத்தின் மேல் ஏன் ஆசை என்று ஒரு கட்டுரையில் எழுத்தெண்ணி உருக வேண்டும். பணத்துக்காக உலகத்தில் ஒருவர்கூட டாக்டராவதில்லை என்பது அந்தக் கட்டுரைகளைப் படித்தால்தான் தெரியும்.

எல்லாம் ஆயிற்று. பாக்கி மூன்றாவது பரிந்துரைக் கடிதம். உயிரியல் பேராசிரியை எழுதச் சம்மதித்திருந்தார். கடிதத்தைப் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று டாக்டரம்மா ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கெடு.

பெரியப்பா அந்தப் படிவத்தை மூன்று முறை படித்தார். படிக்காமல் கையெழுத்துப் போட்டு வீட்டை இழந்தவர்கள் தன் மேசைக்கு முன்னால் நின்றதைப் பார்த்தவர் அவர்.

"நம்ம வீட்டுப் பொண்ணப் பத்தி யாரோ எழுதுவாங்களாம். அத நாம பாக்கக் கூடாதாம். இது எந்த ஊரு நியாயம்?"

"பாத்துட்டா அங்க யாரும் அத நம்ப மாட்டாங்க பெரியப்பா. நானே பக்கத்துல உக்காந்து எழுத வச்சேன்னு நெனப்பாங்க."

"நம்ம குடும்பத்துல கண்ண மூடிக்கிட்டு யாரும் கையெழுத்துப் போட்டதில்ல."

அண்ணன் பேசும்போது வாய் திறப்பது தம்பிக்கு ஐம்பத்தாறு வயதிலும் பழகவில்லை. அத்தை மட்டும், அந்தப் பேராசிரியைக்கு நம் ஆட்கள்மேல் ஏதாவது கோபமா என்று அக்கறையாக விசாரித்தாள். டாக்டரம்மா அழவில்லை. கடிதம் போகாவிட்டால் இந்த வருஷம் கைவிட்டுப் போகும், மதிப்பெண் காலாவதியாகி நுழைவுத்தேர்வையும் மறுபடி எழுத வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் பெரியப்பா இஸ்திரி போட்ட சட்டையில் அவளையும் அழைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனார். பேராசிரியை நாற்காலியில் இருந்த விடைத்தாள் கட்டைத் தரையில் இறக்கி உட்காரச் சொன்னார். பெரியப்பா நின்றபடியே வந்த காரியத்தைச் சொன்னார். பேராசிரியை கோபப்படவில்லை, கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"தாராளமா படிங்க சார். ஆனா நீங்க படிச்சப்புறம் நான் அனுப்ப மாட்டேன். வேற ஆளத்தான் பாக்கணும்."

கடிதம் இரண்டடி தூரத்தில் இருந்தது. பெரியப்பா டாக்டரம்மாவைப் பார்த்தார். அவள் விடைத்தாள் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். எதிர்ச்சுவரில் வயிறு பிளந்த தவளையின் படம் மாட்டியிருந்தது.

"போடும்மா கையெழுத்து," என்றார்.

அவள் பேனாவை மூடும்வரை தவளையைப் பார்த்தபடி விறைப்பாக நின்றார்.

ஒன்பதில் எட்டுக் கல்லூரிகள் அவள் திறமையைக் கண்டு வியந்துபோய்க் கையை விரித்தன. ஒன்று நேர்காணலுக்குக் கூப்பிட்டு, இடமும் கொடுத்தது.

இப்போது சொந்தத்தில் ஒரு பேச்சு உலவுகிறது: பெரியப்பா கடிதத்தைப் படித்தாராம், இரண்டு வரி மாற்றச் சொன்னாராம், அதனால்தான் இடம் கிடைத்ததாம். கிளப்பியது யார் என்று சொல்லத் தேவையில்லை. பெரியப்பா ஒரு வரியும் படிக்கவில்லை. அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.